நான்காம் பாகத்துக்காக ஒரு வார்த்தை

'மங்கி ஐலண்ட்' சாகசக் கணினி விளையாட்டு வரிசையில் நான்காம் பாகத்தை மட்டமென்று ஒதுக்குவதே வழக்கம். 2000-இல் லூக்காஸ்ஆர்ட்ஸ் வெளியிட்ட அதில் குறைகள் உண்டுதான். 1997-இல் வந்த மூன்றாம் பாகத்தின் அழகிய கைச்சித்திரங்கள் போய், விறைத்த முப்பரிமாண உருவங்கள் வந்தன. சுட்டியின் வேலையை விசைப்பலகை பிடுங்கிக்கொண்டது. 'மங்கி கோம்பாட்' சண்டையோ வெறும் மனப்பாடத் தேர்வு!

ஆனால், அண்மையில் மீண்டும் விளையாடியபோது கதைதான் என்னைக் கட்டிப்போட்டது. ஓஸி மாண்ட்ரில் என்னும் நில மேம்பாட்டாளன் தீவுகளை வளைத்துப்போடுகிறான். ஜம்பலாயா தீவு காப்பிக் கடையும் சுற்றுப்பயணிகளுமாய் மாறுகிறது. கடற்கொள்ளையரை 'நாகரிகமானவர்களாக'த் திருத்த ஒரு பள்ளியே நடக்கிறது.

கோல சிலாங்கூர்ப் பிள்ளைகளுக்கு இது வெறும் வேடிக்கையா? வட சிலாங்கூரின் மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் தோட்டத்து மக்கள், நிலம் கைமாறியபின் வீட்டுக்காகப் பல்லாண்டு போராடினார்கள். தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனதும், என் தோட்டத்துப் பேச்சையும் சிலர் 'திருத்த' முனைந்தார்கள்.

விளையாட்டில் ஓஸி இறுதியில் தோற்கிறான். தோட்டத்தில் அந்தக் கடைசிக் காட்சி அவ்வளவு எளிதில் வருவதில்லை. முந்தைய பாகங்கள் நம்மைச் சிரிக்க வைத்தன. மண் யாருக்குச் சொந்தம் என்று கேட்க வைத்தது இந்த மட்டமான பாகம்தான். நண்பர்களே, ஒருமுறை விளையாடிப் பாருங்கள்.