சோதனை அங்கே, ஊசி இங்கேயா?

2024 ஆகஸ்ட் 7-ஆம் தேதி டெல்லியில் ஓர் ஆணை பிறந்தது. அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவற்றில் ஒப்புதல் பெற்ற மருந்துகளில் ஐந்து வகைகளுக்கு, இந்தியாவில் விற்கும் முன் இங்குள்ளவர்களிடம் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம். அரிய நோய்க்கான மருந்து, பெருந்தொற்றுக் கால மருந்து என்றால் அவசரம் புரிகிறது. ஆனால் ஐந்தில் ஒன்று, 'இப்போதுள்ள சிகிச்சையைவிடக் கணிசமான முன்னேற்றம் தரும் புதிய மருந்து'. எந்தக் கம்பெனிதான் தன் மருந்து முன்னேற்றம் இல்லை என்று விண்ணப்பிக்கும்? நாளை மார்பகப் புற்றுநோய்த் தடுப்பூசி வந்தால் இந்த வாசல் வழியாகவே வரும்.

அந்த நாள் வெகு தூரத்தில் இல்லை என்று நம்ப இடமிருக்கிறது. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் 2021-இல் ஒரு தடுப்பூசியின் முதற்கட்டச் சோதனை தொடங்கியது. பாலூட்டும் காலத்தில் மட்டும் மார்பகத்தில் சுரக்கும் ஆல்பா-லாக்டால்புமின் என்ற புரதம், 'டிரிபிள் நெகட்டிவ்' வகைப் புற்றுக் கட்டிகள் பலவற்றில் மீண்டும் தலைகாட்டுகிறது. அதைக் கண்டால் தாக்கும்படி உடலைப் பழக்குவதே அந்த ஊசியின் வேலை. ஹெர்-2 வகைப் புற்றுநோய் திரும்பி வராமல் தடுக்கும் இன்னொரு ஊசி, ஃபிளமிங்கோ-01 என்ற பெயரில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மூன்றாம் கட்டச் சோதனையில் இருக்கிறது. மேற்கத்திய நாடுகளில் மார்பகப் புற்றுநோயில் பத்தில் ஒன்றோ சற்றுக் கூடுதலோதான் டிரிபிள் நெகட்டிவ். இந்திய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. நம் பெண்களுக்கு இந்நோய் வரும் வயதும் அங்குள்ளவர்களைவிடச் சுமார் பத்தாண்டு குறைவு. 2022-இல் மட்டும் இந்தியாவில் 1.92 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டதாக உலகப் புற்றுநோய்க் கணக்கெடுப்பு மதிப்பிடுகிறது.

அப்படியானால் கேள்வி எழ வேண்டாமா? பால் சுரப்புப் புரதத்தைக் குறிவைக்கும் ஊசி, இனியும் பிள்ளை பெற்றுப் பாலூட்டக்கூடிய முப்பது வயதுப் பெண்ணுக்கு எப்படிப் பொருந்தும்? ஹெர்-2 ஊசியின் வேலை எச்.எல்.ஏ. என்னும் திசு வகையைப் பொறுத்தது. ஐரோப்பியரிடம் பரவலாக உள்ள உட்பிரிவும் நம்மிடம் பரவலாக உள்ளதும் ஒன்றல்ல. இதற்கெல்லாம் பதில், நம் பெண்களும் அந்தச் சோதனையில் சேர்ந்தால்தான் கிடைக்கும். பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கிற குத்தம்பாக்கத்துப் பெண்ணுக்கு ஒருபுறம் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, மறுபுறம் காஞ்சிபுரம் காரப்பேட்டை மருத்துவமனை. இரண்டுக்கும் பஸ் ஏறிப் போகலாம். சோதனையில் சேர மட்டும் வழியில்லை.

டெல்லியில் இருப்பவர்களுக்கு இது தெரியாவிட்டாலும், திருவள்ளூரில் நடந்தது தெரிந்திருக்க வேண்டும். பிரிட்டனில் 1950-இல் பள்ளிப் பிள்ளைகளிடம் தொடங்கிய சோதனையில் பி.சி.ஜி. ஊசி காசநோயைச் சுமார் 80 சதவீதம் தடுத்தது. அதை அப்படியே நம்பி உலகமெங்கும் போட்டார்கள். பிறகு 1968 ஜூலையில், உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் வட்டாரத்தில் இறங்கியது. 209 பஞ்சாயத்துகள், 9 ஊர்கள். 1971 மார்ச் வரை 2,81,161 பேருக்கு ஊசி போடப்பட்டது. யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் நீர் என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. டேனிஷ் வகையும் இருந்தது, பிரெஞ்சு வகையும் இருந்தது. உலகிலேயே மிகப்பெரிய பி.சி.ஜி. சோதனை அதுதான். ஏழரை ஆண்டுக்குப் பின் கணக்குப் பார்த்தபோது பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. பதினைந்து ஆண்டுக் கணக்கும் 1999-இல் வெளியானது. பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை, குழந்தைகளுக்குச் சொற்பம். லண்டனில் பலித்தது இங்கே பலிக்கவில்லை. நம் மண்ணிலும் நீரிலும் உள்ள கிருமிகளோடு உடல் ஏற்கெனவே பழகிவிட்டது காரணமாக இருக்கலாம் என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள்.

ஒரு நாட்டில் நிரூபணமான தடுப்பூசி இன்னொரு நாட்டில் தோற்கலாம் என்ற உண்மையை உலகத்துக்கு உரக்கச் சொன்னவர்கள் இந்த வட்டாரத்து மக்கள். தங்கள் கையை நீட்டிச் சொன்னார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, ஆவடியில் இயங்கிய தொழுநோய் ஆராய்ச்சிப் பிரிவு அந்நோயைத் தடுக்க நான்கு ஊசிகளை ஒப்பிட்டபோது, இதே மாவட்டத்தில் 1,71,400 பேர் தாமே முன்வந்து போட்டுக்கொண்டார்கள். அதிலும் பி.சி.ஜி. மட்டும் போட்டவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு சுமார் 34 சதவீதம்; மும்பையின் இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில் உருவான ஐ.சி.ஆர்.சி. ஊசிக்கு சுமார் 65 சதவீதம். சோதித்ததால்தான் இந்த வித்தியாசம் தெரிந்தது. இவ்வளவும் அரசின் சொந்த ஆய்வேடுகளில் அச்சாகி இருக்கிறது. படித்திருந்தால் இப்படி ஓர் ஆணையில் கையெழுத்து விழுந்திருக்காது.

விலக்குக்கு நிபந்தனை உண்டே என்பார்கள். உண்டு. இந்தியர்களின் உடலில் அந்த மருந்து வேறு மாதிரி வேலை செய்யும் என்பதற்கு 'ஏற்கெனவே உள்ள அறிவில்' சான்று இருக்கக் கூடாது என்கிறது 2019-ஆம் ஆண்டு விதி. இங்கே சோதிக்காவிட்டால் அந்தச் சான்று எங்கிருந்து வரும்? விற்பனைக்கு வந்தபின் நான்காம் கட்ட ஆய்வு நடத்தக் கம்பெனி உறுதி தரவேண்டும் என்றும் இருக்கிறது. முதலில் விற்றுவிட்டு, பிறகு பலிக்கிறதா என்று பார்ப்பதா? மருந்துக்காகக் காத்திருப்பவர்களின் அவசரத்தைக் காட்டி இதை நியாயப்படுத்துகிறார்கள். அந்த அவசரம் உண்மையானது. அதற்கு விடை, சோதனை தொடங்கும்போதே நம் மருத்துவமனைகளையும் அதில் சேர்ப்பதுதான். முறையான சோதனையில் சேரும் பெண்ணுக்கு நெறிமுறைக் குழுவின் காவல் உண்டு; பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை உண்டு, இழப்பீடு உண்டு; வேண்டாம் என்று எந்த நாளும் விலகும் உரிமை உண்டு. லட்சக்கணக்கில் பணம் கட்டி வாங்கிப் போட்டுக்கொள்பவளுக்கு இவற்றில் எது உண்டு?

'எங்களைச் சோதனை எலியாக்கப் பார்க்கிறார்களா' என்று நம் ஊர்களில் கேட்கிறார்கள். அந்தச் சந்தேகத்தை விதைத்தவர்களும் இதே அதிகார மையத்தினர்தான். 2009-10-இல் கம்மத்திலும் வதோதராவிலும் பள்ளிச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டபோது, பழங்குடி விடுதிகளில் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்களே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டார்கள். ஏழு சிறுமிகள் இறந்தார்கள். ஊசிக்கும் இறப்புக்கும் நேரடித் தொடர்பில்லை என்றது விசாரணைக் குழு. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குக் காப்பீடு இல்லை, பக்கவிளைவைக் கண்காணிக்கச் சரியான ஏற்பாடும் இல்லை. 2013-இல் நாடாளுமன்றக் குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. அதற்கு முந்தைய ஆண்டு அறிக்கையிலோ, இந்திய நோயாளிகளிடம் சோதிக்காமலே 2008-க்கும் 2010-க்கும் இடையில் முப்பதுக்கும் மேற்பட்ட மருந்துகளுக்கு ஒப்புதல் தந்ததை அதே குழு அம்பலப்படுத்தியிருந்தது. லெட்ரோசோல் என்பது மாதவிடாய் நின்ற பெண்களின் மார்பகப் புற்றுநோய்க்கான மாத்திரை. அதைக் குழந்தைப் பேறுக்காக இளம்பெண்களுக்குக் கொடுக்க அனுமதித்து, எதிர்ப்பு வலுத்தபின் 2011-இல் தடை செய்தவர்களும் இவர்களே.

இன்னும் சொல்லலாம். 2008 ஜனவரியில் கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கசௌலி ஆராய்ச்சி நிறுவனம் மூன்றின் உற்பத்தி உரிமத்தையும் ஒரே வீச்சில் நிறுத்தினார்கள். செங்கல்பட்டில் 100 ஏக்கரில் எழும்பிய தடுப்பூசி வளாகத்திலிருந்து கொரோனா நாட்களில்கூட ஒரு டோஸ் வெளியே வரவில்லை. நாமே தயாரிக்கவும் விடவில்லை. இப்போது, வருவதைச் சோதிக்கவும் வேண்டாம் என்கிறார்கள்.

இந்த ஆணையிலிருந்து தடுப்பூசிகளையாவது விலக்க வேண்டும். தமிழக அரசும் இதில் வாய்திறக்க வேண்டும். புற்றுநோய்த் தடுப்பூசிச் சோதனைகளில் நம் அரசு மருத்துவமனைகளுக்கும், அவற்றின் வாசலில் காத்திருக்கும் பெண்களுக்கும் முறையான, பாதுகாப்பான இடம் கிடைக்க வழிசெய்ய வேண்டும். திருவள்ளூரின் 2,81,161 பேர் கொடுத்த பதிலைக் கேட்காமல், அவர்களின் பேத்திகளுக்கு ஊசி போட எவருக்கும் உரிமையில்லை.