அக்குபங்சர் பில்லை எந்த ஹெட்ல எழுதுறது?

ஐடிஆர் சீசன்ல ஒருத்தர் எனக்கு ஒரு ஃபோல்டர் அனுப்பினார். ஐடி வேலை, வயசு 33, மனைவிக்கு 32. உள்ளே 26 பில், எல்லாம் ஒரே அக்குபங்சர் சென்டர். "மேடம், குழந்தைக்காக ட்ரீட்மென்ட் போறோம். 80டி-ல காட்டலாமா?"

வரிக்கான பதில் சின்னதுதான். காட்ட முடியாது. 60 வயசுக்குக் கீழே உள்ளவங்களுக்கு 80டி-ல வர்றது முக்கியமா இன்ஷூரன்ஸ் பிரீமியமும், 5,000 ரூபாய் வரைக்கும் ப்ரிவென்டிவ் செக்-அப்பும்தான். சிகிச்சை பில் வராது. 80டிடிபி-யோட நோய்ப் பட்டியல்லயும் குழந்தையின்மை கிடையாது. நியூ ரெஜிம்ல இருந்தா இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஆனா அந்த 26 பில்லையும் பார்த்துட்டு என்னால அதோட விட முடியல. ஏன்னா அதே மாதிரி ஒரு ஃபோல்டர் எங்க வீட்டுலயும் இருக்கு.

எனக்கு 32 வயசுல ஆரம்பிச்சது. கல்யாணமாகி ரெண்டு வருஷம், எந்த விசேஷத்துக்குப் போனாலும் "ஏதாச்சும் விசேஷமா?"ங்கற கேள்வி. மாமியாருக்குத் தெரிஞ்ச ஒருத்தர் மூலமா ஒரு சென்டர். சிட்டிங்குக்கு 700 ரூபாய், வாரத்துக்கு ஒண்ணு, 14 மாசம். மொத்தம் சுமார் 42,000. அது பெரிய நஷ்டம் இல்லை, போன் மாத்துற காசு. நஷ்டம் வேற இடத்துல. அங்கே ஸ்கேன் வேண்டாம்னாங்க, நாடி பிடிச்சாலே தெரியுமாம். தைராய்டு மாத்திரையை நிறுத்தச் சொன்னாங்க. படிச்சவதான், ஆடிட் ரிப்போர்ட்ல எல்லாத்துக்கும் ஆதாரம் கேக்குறவதான், ஆனா நிறுத்தினேன். ரெண்டு மாசத்துல டிஎஸ்ஹெச் எகிறிடுச்சு. தைராய்டு கட்டுப்பாட்டுல இல்லைன்னா கரு தங்குறதே சிரமம்னு அப்புறம்தான் ஒரு டாக்டர் சொன்னார். அவங்க எடுத்த முதல் எக்ஸ்ரேயிலேயே தெரிஞ்சது: கருக்குழாய் ரெண்டு பக்கமும் அடைப்பு. அதை எந்த ஊசியும் திறக்காது. அதுக்குள்ள எனக்கு 34 நெருங்கியிருந்தது.

இப்ப நியாயமாவும் பேசிடறேன். அந்த சிட்டிங் எனக்குப் பிடிச்சிருந்தது. இருட்டு ரூம், போன் சைலன்ட், அரை மணி நேரம் யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. மார்ச் மாசக் கடைசியில ஒரு ஆடிட்டருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்குத் தெரியாது. அதனால அக்குபங்சர் போறவங்களைக் கிண்டல் பண்ண எனக்கு வாய் வராது. கேள்வி ஒண்ணுதான்: குழந்தை பிறக்கிற வாய்ப்பை அது கூட்டுதா?

2002-ல ஜெர்மனியில 160 பெண்கள் மேல ஒரு ஆய்வு நடந்தது. ஐவிஎஃப்ல கருவை உள்ளே வைக்கறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஊசி போட்டாங்க. கர்ப்பம் ஆனது 42.5 சதவீதம், ஊசி இல்லாதவங்கள்ல 26.3. இந்த நம்பரைத்தான் விளம்பரம் பண்றவங்க விரும்பிக் காட்டுவாங்க. ஆனா அங்கே ஒப்பிட்டது ஊசியையும் வெறுமையையும். கவனிப்பு கிடைச்சதுனால நல்லதா, ஊசியினாலயாங்கறதை அதுல பிரிக்க முடியாது.

அதைப் பிரிக்கறதுக்குத்தான் பொய் ஊசி. தோலைத் துளைக்காது, ஆனா குத்தின மாதிரியே இருக்கும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துல 848 பெண்கள்கிட்ட இப்படிப் பண்ணி 2018-ல வெளியிட்டாங்க. குழந்தை பிறந்தது உண்மை ஊசியில 18.3 சதவீதம், பொய் ஊசியில 17.8. ரெண்டும் ஒண்ணுதான்.

ஐவிஎஃப் இல்லாம பிசிஓஎஸ் இருக்கறவங்களுக்கு? சீனாவிலேயே, அதாவது இந்த வைத்தியத்தோட சொந்த ஊருலேயே, 1,000 பெண்கள், 2017-ல வந்தது. குளோமிஃபீன்னு ஒரு பழைய, விலை குறைஞ்ச மாத்திரை. மாத்திரையோட உண்மை ஊசி 29.4 சதவீதம், மாத்திரையோட பொய் ஊசி 28. மாத்திரை இல்லாம உண்மை ஊசி மட்டும் 13.9, பொய் ஊசி மட்டும் 16.8. வித்தியாசத்தைக் கொண்டு வந்தது எதுன்னு கணக்கு தெரிஞ்ச உங்களுக்கு நான் சொல்லணுமா? (மாத்திரையை நீங்களா மெடிக்கல்ல வாங்கிடாதீங்க, டாக்டர் கண்காணிப்புல எடுக்க வேண்டியது அது.)

அதனால என் கருத்து இது. மருத்துவ சிகிச்சை ஓடிட்டிருக்கும்போது, சுத்தமான, ஒரு தடவை மட்டும் பயன்படுத்துற ஊசியோட, மனசு லேசாகறதுக்குப் போறீங்களா? தாராளமா போங்க. பட்ஜெட்ல அதை மசாஜ், யோகா கிளாஸ் இருக்கற வரியில எழுதுங்க. மெடிக்கல் வரியில எழுதினா ஒரு ஆபத்து இருக்கு. 'ட்ரீட்மென்ட் நடந்துட்டு இருக்கு'ன்னு நமக்கே தோண ஆரம்பிச்சிடும். எனக்கு 14 மாசம் அப்படித்தான் தோணுச்சு. மாத்திரையை நிறுத்து, ஸ்கேன் வேண்டாம்னு சொல்ற இடமா இருந்தா அன்னிக்கே எழுந்து வந்துடுங்க, பேக்கேஜுக்குக் கட்டின மிச்சப் பணம் போனாலும் பரவாயில்லை.

காலத்தைப் பத்தி டாக்டர்கள் சொல்ற கணக்கு: பெண்ணுக்கு 35-க்குக் கீழேன்னா ஒரு வருஷம் முயற்சி பண்ணிட்டு ரெண்டு பேரும் டெஸ்டுக்குப் போகணும், 35 தாண்டியிருந்தா ஆறு மாசம். 'ரெண்டு பேரும்'ங்கறதை அழுத்திச் சொல்றேன். கிட்டத்தட்ட பாதி கேஸ்ல ஆண் பக்கமும் காரணம் இருக்கும். விந்து பரிசோதனைக்கு ஒரு வீக்எண்ட் வெளிய சாப்பிடற செலவுகூட ஆகாது. எங்க வீட்டுல அதையும் 14 மாசம் பண்ணல.

சேமிக்க வேண்டியதும் இதுக்குத்தான். நீங்க சொந்தமா எடுக்கற ஹெல்த் பாலிசியைத் திறந்து எக்ஸ்க்ளூஷன் 17-ஐப் பாருங்க. குழந்தையின்மை, ஐவிஎஃப் எல்லாம் அங்கேதான் வெளியே தள்ளப்பட்டிருக்கும். சில கம்பெனிகளோட குரூப் பாலிசியில ஒரு லிமிட் வரைக்கும் கவர் இருக்கு. ஹெச்ஆர்கிட்ட கேக்கக் கூச்சமா இருந்தா பாலிசி டாக்குமென்ட் மட்டும் மெயில்ல வாங்கிக்கோங்க, காரணம் சொல்ல வேண்டியதில்லை. கவர் இல்லைன்னா எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாம தனியா ஒரு ஆர்டி போடுங்க. எங்க முதல் ஐவிஎஃப் சைக்கிள் கைகூடல. ரெண்டாவதுக்குக் காசு இருந்தது அந்த ஆர்டியாலதான். அதைப் பத்தி இன்னொரு நாள்.

அந்த ஃபோல்டர் அனுப்பினவருக்கு 80டி பதிலை எழுதிட்டு, கீழே ஒரு வரி சேர்த்தேன்: "26 பில்லும் உங்க மனைவி பேர்ல இருக்கு. உங்க பேர்ல ஒரு லேப் பில்கூட இல்லையே?" ரெண்டு நாள் பதிலே இல்லை. தலையிட்டது தப்போன்னு தோணுச்சு. மூணாவது நாள் வாட்ஸ்அப்ல வந்தது: "மேடம், இன்னிக்குக் காலையில சாம்பிள் குடுத்துட்டேன். ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை."