பைப்பில் போவது பைட் மட்டுமே

ஒரு நிரல் எழுதுவதை இன்னொரு நிரல் படிக்க வேண்டும். லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் அது ஒரே மாதிரி நடக்க வேண்டும். இப்படியொரு தேவை வந்ததும் பலர் லோக்கல்ஹோஸ்ட் சாக்கெட்டுக்குத் தாவிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சாக்கெட் என்றால் காலியான போர்ட் தேட வேண்டும். அதே கணினியில் ஓடும் வேறு எதுவும் வந்து ஒட்டிக்கொள்ளலாம். பெயரில்லாத பைப் தாய் நிரலுக்கும் அது தொடங்கும் சேய் நிரலுக்கும் மட்டுமே சொந்தம்.

விண்டோஸில் பைப் சரிவராது என்ற பயம் பழையது. தோட்டத்து ரப்பர் குழாய்களை மாட்டுவதுபோல நிரல்களையும் மாட்ட வழி வேண்டும் என்று பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் 1964-லேயே எழுதிவைத்தார். 1973-ல் கென் தாம்சன் ஒரே இரவில் அதை யூனிக்ஸில் சேர்த்தார். 1983-ல் வந்த எம்எஸ்-டாஸ் 2.0, பைப்பைக் குறிக்க யூனிக்ஸ் பயன்படுத்தும் அதே செங்குத்துக் கோட்டை (|) எடுத்துக்கொண்டது. ஆனால் டாஸில் ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் ஓடும். முதல் நிரல் முடிந்து, அதன் வெளியீடு தற்காலிகக் கோப்பில் விழுந்த பிறகே அடுத்தது தொடங்கும். இன்றைய விண்டோஸில் இருப்பது உண்மையான பைப். டாஸ் காலத்து மிச்சம் ஒன்று மட்டும் போகவில்லை: டெக்ஸ்ட் மோடு.

அதன் சேட்டையைப் பார்க்க ஒரு பிஎன்ஜி படத்தை அனுப்பிப் பாருங்கள். எந்த பிஎன்ஜி கோப்பும் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்ற எட்டு பைட்டுகளில்தான் தொடங்கும். விண்டோஸில் சி நிரல் ஒன்று இதை டெக்ஸ்ட் மோடில் படித்தால் 13-ம் 10-ம் சேர்ந்து ஒரே 10 ஆகும். 26 வந்ததும் கோப்பு முடிந்தது என்று கதவைச் சாத்திவிடும். எட்டில் ஐந்துதான் கைக்கு வரும். இப்படிச் சிதைந்தால் உடனே தெரியட்டும் என்றுதான் பிஎன்ஜியை வடித்தவர்கள் அந்த எண்களை அங்கே வைத்தார்கள். அந்த முன்யோசனை மேல் எனக்கு அவ்வளவு மரியாதை. தீர்வு ஒரு வரி: இரு முனையிலும் பைனரி மோடு.

அடுத்தது, செய்தி எங்கே முடிகிறது என்பது. பைப்புக்கு வரியும் தெரியாது, எழுத்தும் தெரியாது. 2016-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட லாங்வேஜ் சர்வர் புரோட்டோகால் இதை நேர்த்தியாகக் கையாள்கிறது. விஎஸ் கோடு எடிட்டரும் மொழிக்கான சர்வரும் பெரும்பாலும் பைப் வழியாகத்தான் பேசுகின்றன. ஒவ்வொரு செய்திக்கு முன்னும் அதன் நீளம் போகும். அந்த நீளம் பைட்டுகளில். தமிழில் எழுதுபவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். 'வணக்கம்' நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, பைத்தானின் கணக்கில் ஏழு, யுடிஎஃப்-8-ல் 21 பைட். ஏழு என்று சொல்லி 21 அனுப்பினால் மிச்சம் 14 பைட்டை எதிர்முனை அடுத்த செய்தியின் தலைப்பாகப் படிக்கும். அதோடு உரையாடல் குலைந்தது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவருக்கு இது தென்படவே படாது.

பஃபர் நிரம்பி ஹேங் ஆவதும் உண்டு. லினக்ஸில் பைப்பின் வழக்கமான கொள்ளளவு 65,536 பைட்; மற்ற இயங்குதளங்களில் அளவு வேறு. தாய் முழுவதையும் எழுதிவிட்டுப் படிக்கலாம் என்றிருக்க, சேயும் தன் வெளியீடு நிரம்பி நிற்க, இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி உறைந்துவிடும். எழுதவும் படிக்கவும் தனித்தனி த்ரெட் வைத்தால் மூன்று இடத்திலும் ஓடும். செலக்ட் அழைப்பை நம்ப முடியாது. விண்டோஸில் அது சாக்கெட்டுக்கு மட்டும்தான்.

எனக்குத் தெரிந்த பலரின் தூக்கத்தைக் கெடுத்தது பைப்பை மூடும் விஷயம்தான். எழுதும் முனையை வைத்திருக்கும் எல்லோரும் அதை மூடினால்தான் படிப்பவருக்கு முடிவு தெரியும். தாய் இடையில் இன்னொரு சேயைத் தொடங்கினால் அந்த முனையின் பிரதி அதனிடமும் போய்விடலாம். அது உயிரோடு இருக்கும்வரை முதல் சேய் காத்துக்கொண்டே கிடக்கும். 2014-ல் வந்த பைத்தான் 3.4 இதை மாற்றியது: நாமாகக் கொடுத்தால் ஒழிய முனைகள் சேய்க்குப் போகாது. சி-யில் எழுதுபவர்கள்தான் இன்னும் ஒவ்வொரு முறையும் கையால் செய்ய வேண்டும். லினக்ஸில் ஃபோர்க் ஆனதும் சேய் தனக்கு வேண்டாத முனையை மூட வேண்டும். விண்டோஸில் கொடுக்கவேண்டிய ஹேண்டிலைத் தவிர மற்றவற்றின் வாரிசு உரிமையை நீக்க வேண்டும். சேய் ஓடத் தொடங்கியதும் அதற்குத் தந்த முனையின் பிரதியைத் தாய் மூடிவிடுவது இரண்டுக்கும் பொது.