அழிய மறுக்கும் கோப்பு என்ன சொல்கிறது?

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் காலம் நெருங்கினால் ஆய்வகங்களில் ஒரு புலம்பல் எழும்: “இந்தக் கோப்பு அழியவே மாட்டேன் என்கிறது.” உடனே இணையத்தில் அகப்படும் ஏதேனும் ஒரு ‘கட்டாய நீக்க’ மென்பொருளை இறக்கி, நிர்வாகிக்குரிய அதிகாரத்தோடு இயக்கிவிடுகிறோம். நானும் செய்திருக்கிறேன். இப்பழக்கம் தவறு என்று இப்போது கருதுகிறேன். அழிய மறுக்கும் கோப்பு பிடிவாதம் பிடிப்பதில்லை; நமக்கொரு காரணத்தைச் சொல்கிறது. அதைக் கேட்ட பின்பே அழிக்க வேண்டும்.

காரணங்கள் பெரும்பாலும் மூன்றுள் அடங்கும். முதலாவது, பயன்பாடு. ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை விண்டோஸ் பொதுவாக அழிக்க விடாது. வைத்திருப்பது எந்த நிரல் என்பதை அதன் ‘ரிசோர்ஸ் மானிட்டர்’ காட்டிவிடும். லினக்ஸில் பெயர் உடனே மறைந்துவிடும்; ஆனால் கடைசி நிரல் கைவிடும்வரை உள்ளடக்கம் வட்டிலேயே இருக்கும். அழித்த பிறகும் வட்டில் இடம் கூடவில்லையே என்று திகைப்பவர்கள் இதை நினைவிற்கொள்ளலாம்.

இரண்டாவது, உரிமை. லினக்ஸில் அழிக்கும் உரிமை கோப்பைச் சார்ந்ததன்று, அது இருக்கும் கோப்புறையைச் சார்ந்தது. பொதுக் கோப்புறையில் ஒருவர் கோப்பை மற்றவர் அழிக்க இயலாதபடி தடை இருந்தால், அது சக ஆய்வாளரின் உழைப்புக்குக் காவல். அந்தக் காவலை உடைப்பதைவிட அவரிடம் ஒரு வார்த்தை கேட்பது எளிது.

மூன்றாவது, பெயர். தமிழில் எழுதுவோர் அறிந்திருக்க வேண்டியது இதுவே. ‘தொகுப்பு’ என்று ஒரு கோப்புக்குப் பெயரிடுகிறோம். அதிலுள்ள ஒகரக் குறியை ஒருங்குறியில் இரு வகையாக எழுதலாம்: ஒரே குறியாக, அல்லது எகரக் கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறிகளாக. திரையில் இரண்டும் ஒன்றே. யுடிஎஃப்-8 சேமிப்பிலோ முன்னது 3 பைட்டு, பின்னது 6 பைட்டு. ஆப்பிள் கணினிகளின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் முறை பெயர்களைப் பிரித்தே பதிந்து வைக்கும். அங்கிருந்து லினக்ஸுக்கு வந்த கோப்பின் பெயரை நாம் தட்டச்சு செய்தால், கண்முன் இருக்கும் கோப்பையே ‘இல்லை’ என்று கணினி சொல்லும். பெயரில் அக்குறிக்கு முன்வரும் பகுதியை மட்டும் இட்டு டேப் விசையால் நிரப்பினாலோ, கோப்பின் ஐநோடு எண்ணைக் கொண்டு அழித்தாலோ சிக்கல் தீரும். தெலுங்கின் ஐகாரக் குறிக்கும் இதே இரட்டை வடிவம் உண்டு. 2015இல் தொடங்கப்பட்ட திருப்பதி ஐஐடியும் ஐசரும் அமைந்துள்ள ஏர்பேடு போன்ற இடத்தில், பல மொழி மாணவர்கள் ஒரே சேமிப்பகத்தில் பணியாற்றும்போது இது சிறிய செய்தியன்று.

மறுக்காத கணினி என்ன செய்யும் என்பதற்கு 2021 டிசம்பரில் கியோத்தோ பல்கலைக்கழகத்தின் மீத்திறன் கணினியில் நடந்ததே சான்று. பத்து நாளுக்கு மேற்பட்ட பழைய பதிவுக் கோப்புகளை நீக்குவதற்கென எழுதிய ஒரு நிரல், ஓடிக்கொண்டிருக்கும்போதே திருத்தி மாற்றப்பட்டது. மதிப்பிடப்படாத மாறியோடு அது தொடர்ந்து ஓடியது. ஏறத்தாழ 77 டெராபைட், 3.4 கோடிக் கோப்புகள் அழிந்தன. பாதிக்கப்பட்ட 14 ஆய்வுக் குழுக்களுள் நான்கின் தரவைக் காப்புப் பிரதியிலிருந்தும் மீட்க இயலவில்லை. “ஏன் அழிக்கிறாய்?” என்று அங்கே எதுவும் தடுத்துக் கேட்கவில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு முனைவர் பட்ட மாணவர்களுக்குக் கட்டாயமாக்கிய ஆய்வு, வெளியீட்டு அறம் பற்றிய பாடத்தில் ஆறு அலகுகள் உள்ளன. தரவைப் புனைவது குற்றம் என்று அப்பாடம் கற்பிக்கிறது. தரவைப் பேணுவதற்கென அதில் தனி அலகு இல்லை. கோப்புக்குப் பெயரிடுதல், உரிமை வழங்குதல், பிரதி எடுத்தல், அழித்தல் ஆகியவற்றுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினாலே போதும். மூல அளவீடுகள் அழிந்தபின் ஒரு முடிவை எவரும் சரிபார்க்க இயலாது. ஆகவே இதுவும் ஆய்வறத்தின் பகுதியே.

அடுத்த முறை ஒரு கோப்பு அழிய மறுத்தால், வலிந்து அழிக்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: யார் வைத்திருக்கிறார்கள்? யாருக்கு உரியது? அதன் உண்மைப் பெயர் என்ன? மூன்றுக்கும் விடை கிடைத்த பின்னும் அழிக்கத் தோன்றினால், பிரதி ஒன்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழியுங்கள்.