எண்ணெயமுக்கம் குறைந்தால் எங்கே தேடுவது?

தேய்ந்துபோன எஞ்சினைப் பிரித்து, பழுது நீக்கி, மீண்டும் பொருத்தியபின் அது முதன்முறை ஓடும் ஒலி வீட்டார் செவிக்கு மங்கல ஒலியாகும். பல மாதச் சேமிப்பு அதனுள்ளே அடங்கியிருக்கிறதல்லவா? ஆனால், கால் மணி நேரம் ஓடிச் சூடேறியதும் எண்ணெயமுக்க விளக்கு கண்சிமிட்டத் தொடங்கினால், அம்மகிழ்ச்சி அக்கணமே மறைந்துவிடுகிறது. ‘பம்பி பழுது’ என்பார் ஒருவர். ‘தடித்த எண்ணெயை விடுங்கள்’ என்பார் மற்றொருவர். ‘விளக்குக் கம்பியைக் கழற்றிவிட்டால் தொல்லையில்லை’ என்பாருமுளர்! விளக்கு எரிந்தால் உடனே எஞ்சினை நிறுத்துவதே முதற்கடன். அடுத்து யாது செய்வது என்பதை இவ்வாரம் நோக்குவோம்.

நமது தெருக்களில் நெடுங்காலம் ஓடிப் பழகிய மொறிஸ் மைனரையே உதாரணமாகக் கொள்வோம். 1948ஆம் ஆண்டில் அறிமுகமான இவ்வண்டிக்கு 1956இல் 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின் பொருத்தப்பட்டது. நல்ல நிலையிலுள்ள அந்த எஞ்சின் சூடேறி ஓடும்போது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 60 இறாத்தல் அமுக்கமும், வண்டி நிற்க எஞ்சின் மட்டும் மெல்ல ஓடும்போது 15 இறாத்தலும் காட்டவேண்டும்.

அமுக்கத்தைப் பம்பி உண்டாக்குகிறது எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் பம்பி செய்வது எண்ணெயைத் தள்ளுவதொன்றே. தள்ளப்பட்ட எண்ணெய் எளிதிற் தப்பியோட இடமில்லாதபோதுதான் அமுக்கம் பிறக்கிறது. தோட்டத்திற்கு நீர் இறைப்போர் இதனை நன்கறிவர். கிணற்றில் நீர் குறைவின்றி வந்தாலும், வாய்க்காலின் வரம்பு நடுவழியில் உடைந்திருந்தால் கடைசிப் பாத்திக்கு நீர் எட்டாது. அப்போது மண்வெட்டியோடு வரம்பைத் தேடிச் செல்வோமேயன்றி, இறைக்கும் இயந்திரத்தைக் கழற்ற முனையமாட்டோம்.

எஞ்சினில் இந்த வரம்பு, கிராங்க் தண்டுக்கும் அதனைத் தாங்கும் பேரிங் ஓடுகளுக்கும் இடையிலுள்ள மிகச் சிறிய இடைவெளியாகும். அது ஓரங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கு முதல் இரண்டரைப் பங்கு வரையே இருக்கலாம். தலைமயிரின் பருமனிலும் குறைவு. விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இத்தகைய ஒடுங்கிய இடைவெளி இரு மடங்கானால் அதனூடாகக் கசியும் எண்ணெய் இரு மடங்காவதில்லை. ஏனையவை மாறாதிருப்பின், எட்டு மடங்காகிறது. கண்ணுக்குத் தெரியாத தவறொன்று அமுக்கத்தை அடியோடு வீழ்த்துவது இதனாலேயே.

இனித் தேடும் முறைக்கு வருவோம். செலவு குறைந்ததிலிருந்து கூடியதற்குச் செல்வதே விவேகம். மொறிஸ் மைனரில் இது மிகவும் பொருந்தும். அதன் எண்ணெய்ப் பம்பி எஞ்சினின் பின்புறத்தே, கிளச்சுக்கும் பறசில்லுக்கும் அப்பால் மறைந்துள்ளது. வீணே பம்பியைக் குற்றஞ்சாட்டுவோர் எஞ்சினையே வெளியே தூக்கும் கூலியைக் கொடுக்க நேரிடும்.

ஆகவே, முதலிற் சாட்சியைச் சோதியுங்கள். விளக்கின் ஆளியோ அமுக்கமானியோ பொய் சொல்லக்கூடும். நம்பத்தக்க அமுக்கமானியொன்றை எஞ்சினில் நேரே பொருத்தி, குளிரிலும் சூட்டிலும், மெல்ல ஓடும்போதும் வேகமாக ஓடும்போதும் காணும் அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து எண்ணெய் அளவுகோலை இழுத்து, மட்டத்தைப் பார்த்து, முகர்ந்து பாருங்கள். பெற்றோல் மணந்தால், எரியாத பெற்றோல் பிஸ்டன் வளையங்களைக் கடந்து இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்துள்ளது என்பது பொருள். 1990களில் வடபகுதியில் பெற்றோலுக்குத் தடையிருந்தபோது மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டியோர் இத்தொல்லையை நன்கறிவர்.

மூன்றாவது, அமுக்கத்தைத் தணிக்கும் வால்வு. அது எஞ்சினின் வெளிப்புறத்தில் ஒரு குமிழ் மரையின் கீழ் இருப்பதால் எளிதிற் கழற்றலாம். பழுதுபார்க்கையிற் சிந்திய உலோகத்தூள் அதன் இருக்கையிற் சிக்கினால் வால்வு மூடாது நிற்கும். எண்ணெய் அவ்வழியே சம்புக்குத் திரும்பிவிடும். அங்கே தூள் காணப்பட்டால், பேரிங்குகளிலும் அது சென்றிருக்கக்கூடும் என்பதை மறவாதீர்கள்.

இவற்றிற் குறை காணாவிடின், குறித்துவைத்த அளவுகளே வழிகாட்டும். தொடக்கத்திலிருந்தே ஊசி அசையவில்லையா? பம்பி உலர்ந்து எண்ணெயை உறிஞ்ச மறுத்திருக்கலாம். உறிஞ்சு குழாயின் இணைப்பில் காற்றுப் புகுந்திருக்கலாம். காஸ்கெட் இடம்மாறி எண்ணெய்த் துவாரத்தை அடைத்திருக்கலாம். பம்பியைப் பொருத்துமுன் அதனுள் எண்ணெய் நிரப்புவதும், தீப்பொறிச் செருகிகளைக் கழற்றிவிட்டு ஊசி உயரும்வரை எஞ்சினைச் சுழற்றியபின்னரே இயக்குவதும் நல்ல மெக்கானிக்குகளின் வழக்கம்.

குளிரில் நிறைந்த அமுக்கம், சூடேறியதும் மெல்ல ஓடுகையில் வீழ்கிறதா? அப்படியாயின் இடைவெளிகளையே ஐயுறவேண்டும். கிராங்க் தண்டை ஆயிரத்தில் 20 பங்கு கடைந்துவிட்டு 10 பங்குக்குரிய ஓடுகளை இட்டால் நிலைமை என்னாகும்? ஓட்டின் முதுகில் அச்சிடப்பட்ட எண்ணைப் பார்த்தாலே இத்தவறு வெளிப்படும். சம்பைக் கழற்றி ஓரிரு ஓடுகளை அளந்து பார்க்கலாம். கழுவுவதற்காகக் கழற்றிய எண்ணெய் வழிச் செருகியொன்று மீளப் பொருத்தப்படாதிருத்தல், தேய்ந்த கேம் தண்டுப் பேரிங்குகளை அப்படியே விட்டிருத்தல் என்பனவும் இங்கே கருதத்தக்கன. மெல்ல ஓடுகையில் ஓரளவு இருந்து, வேகம் கூடியும் அமுக்கம் உயராவிடின், வால்வுச் சுருளின் தளர்ச்சியையோ பம்பியின் தேய்வையோ ஐயுறலாம்.

இனி, குறுக்கு வழிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வால்வுச் சுருளின் பின்னே வளையங்களை அடுக்கி இறுக்கினால் அமுக்கம் உயரும் என்பர். அவ்வால்வு உச்ச அளவை மட்டுமே கட்டுப்படுத்துவது. சூட்டில் மெல்ல ஓடும்போது அது ஏற்கெனவே மூடியே இருக்கும். மூடிய கதவை மேலும் இறுக்குவதாற் பயனென்ன? தடித்த எண்ணெய் ஊசியை உயர்த்தும், இடைவெளியைச் சுருக்காது. மேலும், குளிர்ந்த எஞ்சினில் அது உறுப்புகளைச் சென்றடையவும் தாமதிக்கும். விளக்குக் கம்பியைக் கழற்றுவதோ, காய்ச்சல்மானியை உடைத்தெறிந்துவிட்டுக் காய்ச்சல் தீர்ந்தது என்பது போலாகும்.

வாடகை வண்டியொன்றை நம்பி வாழும் குடும்பத்திற்கு இது வெறும் இயந்திர விடயமன்று. குறைந்த அமுக்கத்துடன் ஓடும் ஒரு மணி நேரம், புதுப் பேரிங்குகளையும் கடைந்த தண்டையும் ஒருங்கே அழித்துவிடும். செலவிட்ட பணம் இரண்டாம் முறையும் செலவாகும். ஆதலின், கராச்சிலிருந்து வண்டியை எடுக்குமுன் எஞ்சினை நன்கு சூடேற்றச் செய்து, அமுக்கமானியின் அளவை உங்கள் கண்ணாலேயே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். தண்டைக் கடைந்த அளவையும் ஓட்டின் எண்ணையும் பற்றுச்சீட்டில் எழுதித் தரும்படி கேளுங்கள். நேர்மையான மெக்கானிக் இதற்குச் சினங்கொள்ளமாட்டார். அவ்வெண்கள் அவருடைய திறமைக்கும் சான்றல்லவா?