தவணை கேட்காத முதல்

தண்டல் வாங்கிப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். 10,000 ரூபாய் தண்டல் என்றால் வட்டியை முன்பே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் கொடுப்பார்கள். மறுநாளிலிருந்து தினம் 100 ரூபாய், நூறு நாள் கட்ட வேண்டும். மழை கொட்டினாலும் 100, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கடை போடாவிட்டாலும் 100. மேலோட்டமாகப் பார்த்தால் 1,500 ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் கரைந்துகொண்டே வருகிறது. அந்த நூறு நாளில் சராசரியாக வாங்கியவர் கையில் நிற்கும் கடன் நாலாயிரத்துச் சொச்சம்தான். அதற்கு 1,500 வட்டி என்றால் மாதத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல். ஆண்டுக்கு நூறைத் தாண்டுகிறது.

எங்கள் தெருமுனையில் காலையில் இட்லியும் மாலையில் பஜ்ஜியும் போடும் அக்கா பல வருடங்களாக இந்தத் தண்டலில்தான் கடையை ஓட்டுகிறார். ஒரு தண்டல் முடியும்போதே அடுத்தது தொடங்கிவிடும். நல்ல வியாபாரம் உள்ள கடை. எட்டரை மணிக்கு மேல் போனால் இட்லி கிடைக்காது. அப்படியிருந்தும் ஒரு மூட்டை அரிசியை மொத்தமாக வாங்கிப் போட அவரால் முடிந்ததில்லை. அன்றன்றைக்கு வேண்டியதைச் சில்லறை விலையில்தான் வாங்குகிறார். மூட்டையாக வாங்கினால் கிலோவுக்கு எவ்வளவு மிச்சம் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். "கைமுதல் இருந்தா நான் ஏன் தம்பி சில்லறைக் கடைக்குப் போறேன்?" என்று ஒருமுறை கேட்டார். ஏழைகளுக்குத் தொழில் செய்யத் தெரியவில்லை, முதலில் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று மேடையில் யாராவது பேசும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் நினைவுக்கு வருகிறது.

அந்தக் கைமுதலைக் கடனாக இல்லாமல், திருப்பித் தர வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தால் என்ன ஆகும்? இதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள், நமக்கு வெகு அருகில். சுனாமிக்கு அடுத்த ஆண்டு, 2005இல், இலங்கையின் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சிறு தொழில் செய்பவர்களை சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினார்கள். நிலம், கட்டடம் நீங்கலாக ஒரு லட்சம் இலங்கை ரூபாய்க்குள் முதல் உள்ள தொழில்கள் அவை. பெட்டிக்கடை வைத்திருப்பவர்கள், துணி தைப்பவர்கள், லேஸ் பின்னுபவர்கள், மூங்கில் பொருள் செய்பவர்கள், சைக்கிள் பழுது பார்ப்பவர்கள், ஆப்பமும் இடியாப்பமும் சுட்டு விற்பவர்கள். குலுக்கல் முறையில் சிலருக்கு 10,000 இலங்கை ரூபாயும் சிலருக்கு 20,000 ரூபாயும் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு ரொக்கமாக, எப்படிச் செலவழித்தாலும் கேள்வி இல்லை என்று. மீதிப் பேருக்கு அவர்களே கேட்ட கருவியாக அல்லது சரக்காக. 10,000 என்பது அந்தத் தொழில்களில் ஏறக்குறைய மூன்று மாத லாபம்.

அந்தப் பணம் தொழிலுக்குள் போய் மாதத்துக்கு ஏறத்தாழ ஐந்து சதவீதம் ஈட்டித் தந்தது. ஆண்டுக்குக் கணக்கிட்டால் ஐம்பத்தைந்து, அறுபது சதவீதம். அங்கே அப்போது வங்கி வட்டி இதில் மூன்றில் ஒரு பங்கைச் சுற்றித்தான் இருந்தது. சுமார் ஐந்து வருடம் கழித்தும் போய்ப் பார்த்தார்கள். அந்த ஒரே தடவைப் பணத்தைப் பெற்ற ஆண்களின் தொழில்கள், பெறாதவர்களுடையதைவிட அதிகமாகத் தாக்குப்பிடித்திருந்தன. லாபமும் கூடுதலாகவே இருந்தது.

இந்த ஐந்து சதவீதத்தை நம் தண்டல் கணக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலியில் ஆப்பம் சுடுபவரின் கணக்கு அப்படியே எங்கள் தெருவுக்குப் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் மாதம் ஐந்து சதவீதம் ஈட்டும் முதல் எந்தப் பெரிய கம்பெனியும் பொறாமைப்படும் முதல். அதே முதலைத் தண்டலில் வாங்கினால் மாதம் பத்து சதவீதம் வட்டிக்குப் போகிறது. கடைக்கும் உழைப்புக்கும் ஒரு குறையும் இல்லாமலே கடைக்காரர் இருந்த இடத்திலேயே நிற்பது இதனால்தான். தண்டல் வாங்காவிட்டால் அன்றைக்கு அடுப்பே பற்றாது என்பதால் வாங்குகிறார். வாங்கியதால் முதல் சேர்வதில்லை.

அதனால்தான், இலவசமாகக் கொடுக்கும் பணத்தில் பாதியைப் பழைய கடனுக்குக் கட்டிவிடுவார்கள், தொழிலில் எங்கே போடுவார்கள் என்று சிலர் சொல்லும் குறையை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் அக்கா தொடர்ந்து தண்டலிலேயே இருக்கிறார் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் வட்டி மட்டும் போகிறது. ஒரேயொரு முறை 8,500 ரூபாய் சொந்தமாகக் கையில் வந்தால் அந்த வட்டி அவரிடமே தங்கிவிடும். தண்டலை அடைப்பதைவிட லாபமான முதலீடு அவருக்கு வேறு எது?

தண்டலுக்கு மாற்றாகக் குழுக் கடன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, வட்டியும் குறைவுதான். அங்கே சிக்கல் வட்டியில் இல்லை, தவணையில். பல இடங்களில் கடன் வாங்கிய ஓரிரு வாரத்திலேயே முதல் தவணை கட்ட வேண்டும், பிறகு வாராவாரமோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ. தையல் மெஷின் வாங்கினால் நாலு வாடிக்கையாளர் பழகி வருவதற்கே இரண்டு மாதம் ஆகும். ஆட்டுக்குட்டி வாங்கினால் கேட்கவே வேண்டாம். அதனால் குழுக் கடன் வாங்குபவர் நாளைக்கே காசாகும் தொழிலாகப் பார்க்கிறார்: இரண்டு கட்டுப் புடவை வாங்கித் தெருவில் விற்பது, அல்லது இருக்கும் கடையில் இன்னும் கொஞ்சம் சரக்கு போடுவது. 2007இல் கொல்கத்தாவில் எரிகா ஃபீல்டு, ரோஹிணி பாண்டே ஆகிய பொருளாதார அறிஞர்கள் தம் சகாக்களோடு ஒரு சிறு மாற்றத்தைச் சோதித்தார்கள். சிலருக்கு மட்டும் முதல் தவணையை இரண்டு மாதம் தள்ளிப்போட்டார்கள். கடன் தொகையில் மாற்றம் இல்லை. அந்த இரண்டு மாத அவகாசம் கிடைத்தவர்களில் புதுத் தொழில் தொடங்கியோர் மற்றவர்களைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். மூன்று வருடம் கழித்து அவர்கள் லாபமும் வெகுவாகக் கூடியிருந்தது. கூடவே, கடனைக் கட்டத் தவறியோர் எண்ணிக்கையும் கூடியது. துணிந்து தொழில் செய்தால் சிலர் தோற்கத்தான் செய்வார்கள். அதனால் கடன் கொடுக்கும் நிறுவனம் இந்த அவகாசத்தை விரும்பாது. அதை நான் குற்றமாகவும் சொல்லமாட்டேன். தோல்வியின் சுமையை நிறுவனம் தாங்காது, ஏழையாலும் தாங்க முடியாது. அதைத் தாங்கக்கூடியது அரசு ஒன்றுதான். திருப்பிக் கேட்காத பணம் என்ற யோசனையின் உயிர் எனக்கு இங்கேதான் தெரிகிறது.

எப்படிக் கொடுப்பது என்பது அடுத்த கேள்வி. மாதாமாதமா, மொத்தமாகவா? கென்யாவின் சியாயா, பொமெட் பகுதிகளில் கிவ் டைரக்ட்லி என்ற அறக்கட்டளை 2018 வாக்கில் தொடங்கிய திட்டம் இதற்காகவே அமைந்ததுபோல் இருக்கிறது. அபிஜித் பானர்ஜி, தவ்னீத் சூரி உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் அதை ஆராய்ந்தார்கள். சில கிராமங்களில் ஒவ்வொரு பெரியவருக்கும் நாளுக்கு முக்கால் டாலர் கணக்கில் மாதாமாதம், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு. சில கிராமங்களில் அதே தொகை இரண்டு ஆண்டுக்கு மட்டும். இன்னும் சில கிராமங்களில் அந்த இரண்டாண்டுத் தொகை, சுமார் 500 டாலர், மொத்தமாகக் கைபேசிக் கணக்குக்கு. தொழில் தொடங்கியதிலும் வருமானம் கூட்டியதிலும் மொத்தமாகப் பெற்றவர்கள், இரண்டு ஆண்டு மாதாமாதம் பெற்றவர்களைவிட முன்னே நின்றார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு உறுதி பெற்றவர்களும் நன்றாகவே செய்தார்கள். எப்படி என்று விசாரித்தால், மாதப் பணத்தை அவர்கள் அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து சீட்டுப் போட்டு மொத்தமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள்! நம் தெருப் பெண்கள் பிடிக்கும் அதே குலுக்கல் சீட்டு. அந்தக் கிராமங்களில் மக்கள் சோம்பிப்போய்விடவில்லை. மொத்த உழைப்பு குறையாமல், கூலி வேலையிலிருந்து சொந்தத் தொழிலுக்கு நேரம் மாறியது.

குடித்துத் தீர்த்துவிடுவார்கள் என்ற பயத்துக்கு அதிகம் இடம் தரத் தேவையில்லை. உலக வங்கியில் இருந்தபோது டேவிட் எவான்ஸ், அன்னா போப்போவா இருவரும் பல நாடுகளின் 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பண உதவியால் மதுவுக்கும் புகையிலைக்கும் ஆகும் செலவு கூடியதாகத் தெரியவில்லை.

எனக்கு உண்மையிலேயே கவலை தருபவை வேறு. இலங்கை ஆய்வில் ஆண்களின் தொழில் வளர்ந்தபோது பெண்களின் தொழிலில் லாபம் கூடவில்லை. பெண்களுக்குத் தொழில் வராது என்று இதை வாசித்தவர்கள் உண்டு. பல வருடம் கழித்து இதே தரவுகளையும் இந்தியா, கானா தரவுகளையும் சேர்த்து ஆராய்ந்தபோது காரணம் புலப்பட்டது. வீட்டில் கணவனும் தொழில் செய்தால் மனைவிக்கு வந்த பணம் அவன் தொழிலுக்குப் போகிறது. வீட்டில் அவள் தொழில் ஒன்றுதான் என்றால் அவளும் ஆண்களுக்குச் சமமாக ஈட்டுகிறாள். யார் வீட்டில்தான் இது தெரியாது? பணத்தை யார் பெயரில் போடுகிறோம் என்பதோடு, அது யார் கையில் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

வடக்கு உகாண்டாவில் 2008இல் தொழில் தொடங்க இளைஞர்களுக்கு ஆளுக்குச் சராசரியாக 382 டாலர் கொடுத்தார்கள். நாலு வருடத்தில் அவர்கள் வருமானம் மற்றவர்களைவிட 38 சதவீதம் கூடியிருந்தது. ஒன்பது வருடத்தில் மற்றவர்களும் எட்டிப்பிடித்துவிட்டார்கள். இதைத் தோல்வி என்று சிலர் எழுதினார்கள். இருபது வயதில் ஒரு தையல்காரருக்கோ தச்சருக்கோ சில ஆண்டுகள் முன்னதாகவே நல்ல வருமானம் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த வயதில் காத்துக்கிடந்தவர்களுக்குத் தெரியும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பணம் கொடுத்துத் தள்ளுவண்டி வாங்க வைத்துவிட்டு, நடைபாதையை அடைக்கிறது என்று அந்த வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனால் கைமுதல் முழுக்க ஒரே காலையில் போய்விடும். சாலையோர வியாபாரிகளைப் பாதுகாக்க 2014இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியிருக்கிறது. அதை ஒழுங்காக நடைமுறைப்படுத்தாத ஊரில் பண உதவி பாதி உதவிதான்.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று ஆரம்பித்தது. அது தொழில் நிதி அல்ல. வீட்டில் பெண்கள் கூலியில்லாமல் செய்யும் வேலைக்கான மதிப்பு அது. அதை வேறு எதுவாகவும் மாற்றக் கூடாது. கேஸ் சிலிண்டருக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் மருந்துக்கும் அது போவதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் அந்த ஆயிரத்தைத் தொடாமல் சீட்டில் கட்டி, எடுத்த பணத்தில் கிரைண்டரும் மெஷினும் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். சீட்டு நடத்துபவர் நேர்மையாக இருக்கும்வரை நல்லது. அவர் இரவோடு இரவாக ஊரைக் காலி செய்த கதைகளும் எல்லா ஊரிலும் உண்டு.

பீகாரில் 2025 செப்டம்பரில், தொழில் தொடங்க என்றே 75 லட்சம் பெண்களின் வங்கிக் கணக்கில் தலா 10,000 ரூபாயை ஒரே நாளில் போட்டார்கள். நன்றாகச் செய்பவர்களுக்குப் பிறகு 2 லட்சம் வரை உதவி என்றும் அறிவித்தார்கள். தேர்தல் வாசலில் இதைச் செய்தது சரியல்ல என்று நானும் நினைக்கிறேன். ஆனால் மொத்தமாகக் கொடுப்பது என்ற முடிவு, தேர்தலை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், சரியான முடிவு.

இங்கே நாம் செய்யக்கூடியது இன்னும் எளிது. உரிமைத் தொகை பெறுபவர்களில் விரும்புகிறவர்களுக்கு மட்டும், ஓர் ஆண்டுக்குரிய 12,000 ரூபாயை மொத்தமாகப் பெறும் வழியைத் திறந்துவிடலாம். கட்டாயம் கூடாது, மாதாமாதம் வேண்டும் என்பவர்களுக்கு மாதாமாதமே வரட்டும். தொழில் திட்ட அறிக்கை, பயிற்சிச் சான்றிதழ், அதிகாரி பரிந்துரை எதுவும் கேட்கக் கூடாது; கேட்டால் இடையில் ஆள் முளைத்துவிடுவார். அரசின் ஆண்டுச் செலவு இதனால் கூடப்போவதில்லை, பணம் சில மாதம் முன்னால் போகிறது. எந்த மாதம் என்பதையும் அவர்களே சொல்லட்டும். பிளவுஸ் தைப்பவருக்கு ஆவணியில் வேண்டும். தீபாவளித் துணி வந்து குவியும் முன்பே ஓவர்லாக் மெஷின் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். கரும்புச்சாறு வண்டி போடுபவருக்கு மாசி பிறந்ததும். பக்ரீத்துக்கு ஆடு விற்பவர் பல மாதம் முன்பே குட்டி பிடித்தாக வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் மாதத்தின் பெயர் எழுத ஒரு கட்டம் சேர்த்தால் போதும்.