ஆயிரம் அடிக் கோடு: அமெரிக்கப் பாடசாலைகளும் துப்பாக்கிச் சட்டமும்

அமெரிக்கப் பாடசாலை ஒன்றில் துப்பாக்கிச்சூடு என்ற செய்தி வரும்போதெல்லாம் எம்மவர்கள் கேட்பது ஒன்றைத்தான்: "அங்கே இதைத் தடுக்கச் சட்டமே இல்லையா?" சட்டம் இருக்கிறது. அதைக் கடைப்பிடிப்பது ஏன் கடினம், கடைப்பிடித்தாலும் அது ஏன் பிள்ளைகளைக் காப்பதில்லை என்பதையே இங்கு நான் பார்க்க விரும்புகிறேன்.

1990இல் கொங்கிரஸ் நிறைவேற்றிய சட்டப்படி, பாடசாலை வளவிலும் அதன் எல்லையிலிருந்து 1000 அடி, அதாவது ஏறக்குறைய 305 மீற்றர் தூரத்துக்குள்ளும் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். 1995இல் லோபஸ் வழக்கில் இச்சட்டம் கொங்கிரஸின் அதிகார எல்லையை மீறியது என உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. மாநிலங்களுக்கிடையிலான வர்த்தகத்துடன் தொடர்புபட்ட துப்பாக்கிகளுக்கு இது பொருந்தும் என்ற வாசகத்தைச் சேர்த்து, 1996இல் கொங்கிரஸ் அதை மீண்டும் நிறைவேற்றியது. இன்றுவரை அதுவே நடைமுறையில் உள்ளது.

சிக்கல் அந்த 1000 அடியில் தொடங்குகிறது. அரச பாடசாலை மட்டுமல்ல, தனியார் பாடசாலையும் மதநிறுவனப் பாடசாலையும் கணக்கில் வரும். ஒரு நகரத்தில் இத்தனை பாடசாலைகளைச் சுற்றியும் வட்டம் போட்டால் பிரதான வீதிகளில் பெரும்பகுதி ஏதோவொரு வட்டத்துக்குள் விழுந்துவிடும். பின் வீதியிலுள்ள சிறிய தனியார் பாடசாலை வாகனத்தில் செல்பவருக்குத் தெரியாது. பாடசாலை வலயம் என்று அறிந்திருந்தால், அல்லது அவ்வாறு நம்ப நியாயமான காரணம் இருந்திருந்தால் மட்டுமே குற்றம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த "நியாயமான காரணம்" எது என்பது வழக்கு வந்த பிறகுதான் தீர்மானிக்கப்படும்.

விதிவிலக்குகளும் உண்டு. தனியார் காணிக்குள் வைத்திருக்கலாம். ஆனால் படலையைத் தாண்டி நடைபாதையில் கால் வைத்தால் நிலைமை மாறிவிடும். ரவைகளை அகற்றி, பூட்டிய பெட்டியில் வைத்துக் கொண்டுசெல்லலாம். அந்த மாநிலமே வழங்கிய அனுமதிப்பத்திரம் இருந்தாலும் போதும். இங்கேதான் பெரிய முரண்பாடு. இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அனுமதிப்பத்திரம் இல்லாமலே கைத்துப்பாக்கியுடன் நடமாடலாம். 2021 செப்ரெம்பரிலிருந்து டெக்சாசும் அவற்றில் ஒன்று. மாநிலச் சட்டத்தை நம்பி அனுமதிப்பத்திரம் எடுக்காமல், இடுப்பில் துப்பாக்கியுடன் பாடசாலை வீதியால் போகிறவர், மத்திய சட்டத்தின்படி குற்றவாளியாகிறார். பலருக்கு இது தெரியவே தெரியாது.

"சட்டத்தை மதிப்பவரைத்தான் இது மாட்டிவிடுகிறது, கொல்ல வருபவனைத் தடுப்பதில்லை" என்று துப்பாக்கி உரிமைக்காரர்கள் வாதிடுகிறார்கள். பாதி உண்மை. 2022 மே மாதம் டெக்சாசின் யுவால்டியில் 19 பிள்ளைகளையும் இரண்டு ஆசிரியர்களையும் கொன்ற 18 வயது இளைஞன் துப்பாக்கிகளைச் சட்டப்படியே வாங்கியிருந்தான். 1000 அடிக் கோடு அவனை நிறுத்தவில்லை. ஆனால் இதிலிருந்து "கோடே வேண்டாம்" என்ற முடிவுக்கு அவர்கள் தாவுவதை என்னால் ஏற்கமுடியவில்லை. வீதியில் கோடு போட்ட அரசு, கடையிலும் வீட்டு அலுமாரியிலும் கோடு போடவில்லை என்பதல்லவா உண்மையான குறை? பாடசாலைத் தாக்குதல்களில் பயன்பட்ட துப்பாக்கிகளில் பெரும்பாலானவை பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தே வந்தவை என்று அமெரிக்க இரகசிய சேவை 2019இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மிச்சிகனில் 2021இல் நான்கு மாணவர்களைக் கொன்ற சிறுவனின் தாயும் தந்தையும் 2024இல் தண்டிக்கப்பட்டனர். பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதை அந்த வழக்கு தெளிவாகச் சொன்னது.

வரைபடத்தில் வலயம் வரைவது எவ்வளவு சுலபம் என்று எங்களுக்குத் தெரியும். 2009 ஜனவரியில் வன்னியில் பாதுகாப்பு வலயம் அறிவிக்கப்பட்டது. அதற்குள் போன சனங்கள் மீது எறிகணைகள் விழுந்தன. வெளியேற முயன்றவர்களைப் புலிகள் தடுத்தனர். ஐ.நா. நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை இரண்டையும் பதிவுசெய்திருக்கிறது. அந்த அவலத்தையும் அமெரிக்கச் சாரதி ஒருவரின் சட்டச் சிக்கலையும் ஒரே தராசில் வைக்க நான் முயலவில்லை. ஆனால் ஒரு பாடம் இரண்டுக்கும் பொது: ஆயுதம் வைத்திருப்பவரைக் கட்டுப்படுத்தாத வலயம், உள்ளே இருப்பவருக்கு வெறும் பெயர்தான்.

அதனால், கடைப்பிடிக்கக் கடினமான சட்டத்தைக் கைவிடுவதை விட, கடைப்பிடிக்கக்கூடியதாக மாற்றுவதே நியாயம். வலய எல்லைகளில் அறிவிப்புப் பலகை வைக்கலாம். மத்திய, மாநில விதிகளை ஒத்திசையச் செய்யலாம். வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைப்பதைக் கட்டாயமாக்கலாம். எங்கே பாடசாலை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் சிரமத்தைத் துப்பாக்கி வைத்திருப்பவர்தான் சுமக்கவேண்டும். வகுப்பறையில் மேசைக்கடியில் ஒளிந்து பழகும் பிள்ளை அதைவிடப் பெரிய சுமையை ஏற்கெனவே சுமக்கிறது.